யாரும் ஆடாத ஸ்டேஜ்

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில்தான் டிவி கேம் இருந்தது. ஒரு கறுப்புப் பெட்டி, வயர் வைத்த இரண்டு ரிமோட், மேலே செருகுவதற்கு மஞ்சள் நிறக் கேசட். கேசட்டின் நெற்றியில் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். பட்டியலைப் புரட்டினால் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களின் பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். காசு வீண் என்றார்கள் பெரியவர்கள். கோடை விடுமுறையில் ஒரு பையன் மட்டும் அந்தப் பட்டியலை ஒன்றுவிடாமல் திறந்து பார்த்தான். முதல் பக்கத்தில் இருந்த ‘காண்ட்ரா’ ஆட்டம் ஒரு காட்டில் தொடங்கியது. நாலு பக்கம் தள்ளி இருந்த காண்ட்ரா நேராக அருவி ஸ்டேஜில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. அதுவரை எங்களில் ஒருவரும் அந்த அருவியைப் பார்த்ததில்லை. அங்கே போய்ச் சேருமுன் எல்லா உயிரும் தீர்ந்துபோகும்.

இதன் சூட்சுமம் எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின. ஆட்டம் தொடங்கும்போது எந்த ஸ்டேஜ், எத்தனை உயிர் என்பதைச் சில எண்களாக நினைவகத்தில் குறித்துக்கொள்கிறது. கள்ளக் கேசட் அடித்தவர்கள் அந்த எண்ணை மட்டும் மாற்றிப் பட்டியலில் புது வரியாகச் சேர்த்துவிட்டார்கள். ஆட்டத்தை முதலில் செய்தவர்களும் தங்கள் மேசையில் இதையேதான் செய்திருப்பார்கள். அருவியில் ஒரு பிழை இருந்தால் அதைத் திருத்த ஒவ்வொரு முறையும் காட்டைக் கடந்து வர முடியாது. நேராக அருவிக்கு இறங்க அவர்களுக்கு ஒரு குறுக்குவழி வேண்டும். எங்கள் தெருப் பையன் அன்று தட்டித் திறந்தது அந்தத் தொழிலாளிகளின் பின்வாசலைப் போன்ற ஒன்றை. அன்றிலிருந்து அந்த வாசல்களின் மேல் எனக்கு ஒரு பிடிப்பு. அவற்றுக்குப் பின்னால் சில ஆட்டங்களில் முழு அறைகளே இருக்கின்றன. சோதித்துப் பார்ப்பதற்காகவே கட்டப்பட்டு, வேலை முடிந்தபின் அழிக்கப்படாமல், விற்பனைக்குப் போன கேசட்டுக்குள்ளும் குறுந்தகட்டுக்குள்ளும் அப்படியே கிடப்பவை. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

சோதனை ஸ்டேஜ் என்றால் என்ன? ஒரு பாத்திரம் எவ்வளவு உயரம் தாவும் என்று பார்க்க வேண்டும். அதற்கு மலை, மரம், கோட்டை எதுவும் தேவையில்லை. தட்டையான ஒரு தரை போதும். அதன்மேல் ஓரடி, ஈரடி, மூவடி என்று பெட்டிகளை வரிசையாக அடுக்கிவைப்பார்கள். பக்கத்தில் ஒரு சரிவு, ஒரு படிக்கட்டு, ஒரு குட்டை நீர், ஏற ஓர் ஏணி. எதிரியின் நடையைப் பார்க்க ஓர் எதிரி மட்டும் நிற்பான். சுவருக்கு வண்ணம் கிடையாது. கட்டம் போட்ட சாம்பல் நிறம் அல்லது ஆரஞ்சு நிறம். வால்வ் நிறுவனத்தின் ஆட்டங்களை வைத்து சொந்தமாக ஸ்டேஜ் கட்டிப் பழகியவர்களுக்கு அந்த ஆரஞ்சுக் கட்டங்கள் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஓர் அளவுகோல். கொத்தனார் சுவரில் சுண்ணாம்புக் கயிறு தட்டிக் கோடு போடுவதும் இதுவும் ஒரே வேலை.

இந்த அறைகளை வேறு சிலவற்றோடு போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பிரித்துப் பார்த்தால்தான் இவற்றின் அருமை தெரியும்.

முதல் குழப்பம், வேண்டுமென்றே ஒளித்துவைத்த பரிசு. 1980-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘அட்வென்ச்சர்’ ஆட்டத்தில் வாரன் ராபினெட் ஒரு ரகசிய அறையைக் கட்டினார். அன்றைய அட்டாரி, ஆட்டத்தைச் செய்தவர் பெயரை எங்கும் போடாது. அவர் ஒரே ஒரு புள்ளி அளவுள்ள பொருளைத் தரையின் நிறத்திலேயே ஒளித்து, அதை எடுத்துப்போனால் மட்டும் திறக்கும் அறைக்குள் தன் பெயரை எழுதிவைத்தார். அவர் வேலையை விட்டுப் போனபின், ஒரு சிறுவன் கண்டுபிடித்து எழுதிய கடிதம் மூலம்தான் நிறுவனத்துக்கே விஷயம் தெரிந்தது. இது கையெழுத்து. ஒருவர் கண்ணில் படும் என்ற நம்பிக்கையோடு செய்தது. நம் ஊர்ப் பக்கம் திருப்புடைமருதூரில், தாமிரபரணியும் கடனாநதியும் கலக்கும் இடத்தில், நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்தின் உள் நிலைகளில் ஓவியங்களும் மரச் சிற்பங்களும் நிறைந்திருக்கின்றன. கீழே நின்று கோபுரத்தைக் கும்பிடுகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஏறிப் பார்த்தவருக்கு மூச்சு நின்றுவிடும். அது மறைந்திருக்கிறது, ஆனால் முடித்த வேலை. பார்க்க வேண்டும் என்று தீட்டியது. ராபினெட்டின் அறை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இரண்டாவது குழப்பம், பிழையால் பிறந்த இடம். 1985-இன் சூப்பர் மரியோவில் முதல் உலகத்தின் இரண்டாம் ஸ்டேஜ் முடிவில் சுவருக்குள் புகுந்து போனால் ‘உலகம் -1’ என்று காட்டும், முடிவே இல்லாத ஒரு நீர் ஸ்டேஜ் வரும். அது நிண்டெண்டோ ஒளித்துவைத்த ரகசியம் என்று ஒரு தலைமுறையே நம்பியது. உண்மையில் ஆட்டம் தவறான எண்ணைப் படித்து 36-ஆம் உலகத்துக்குப் போய்விடுகிறது. அப்படி ஓர் உலகம் கிடையாது. 36-ஆம் இடத்தில் இருக்கும் படம் வெற்றுக் கட்டம் என்பதால் திரையில் எண்ணுக்குப் பதில் வெறுமை. அதை யாரும் கட்டவில்லை.

மூன்றாவது, கட்டிவந்து கைவிட்ட ஸ்டேஜ். 1992-இல் வந்த ‘சோனிக் 2’-இல் ‘ஹிடன் பேலஸ்’ என்ற பகுதி இருந்தது, கடைசியில் நீக்கப்பட்டது. பத்திரிகைகளில் படம் வந்துவிட்டிருந்ததால் பிள்ளைகள் வருடக்கணக்கில் தேடினார்கள். வெளியீட்டுக்கு முந்தைய ஒரு மாதிரிப் பதிப்பு பின்னாளில் கிடைத்தபோதுதான் அந்த இடத்தை மனிதர்கள் கண்ணால் பார்த்தார்கள். 2013-இல் கைபேசிக்கு அதே ஆட்டத்தை மறுபடி உருவாக்கிய கிறிஸ்டியன் வைட்ஹெட்டும் அவருடைய கூட்டாளிகளும் அந்தப் பகுதியை முடித்து, பழைய ஆட்டத்தில் விழுந்தால் செத்தே போகும் ஒரு குழியின் அடியில் வாசல் வைத்தார்கள். அந்தக் குழியில் விழுந்து விழுந்து வளர்ந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே ‘சோனிக் 2’-இல் எந்த ஸ்டேஜுக்கும் தாவிச் செல்லும் பட்டியல் ஒன்றும் விட்டுவைக்கப்பட்டது. அதைத் திறக்க ஒலிச் சோதனைப் பக்கத்தில் 19, 65, 09, 17 என்ற எண்களை வரிசையாக ஒலிக்கச் செய்ய வேண்டும். நிரலை எழுதிய யூஜி நாகா பிறந்தது 1965 செப்டம்பர் 17. தொழிலாளி தன் பின்வாசலுக்குத் தன் பிறந்தநாளையே பூட்டாகப் போட்டிருக்கிறார். சோதனைக் கருவியும் கையெழுத்தும் இந்த ஒரு இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

ஆக, சோதனை அறை என்பது ஆடுகிறவருக்காகக் கட்டியது கிடையாது, பிழையால் முளைத்ததும் கிடையாது, ஆட்டத்தில் சேர்க்கலாம் என்று தொடங்கியதும் கிடையாது. வேலை செய்கிறவர்கள் தங்கள் வேலைக்காகத் தங்களுக்கே கட்டிக்கொண்டது.

பிறகு ஏன் அதை அழிக்காமல் விடுகிறார்கள்? அலட்சியம் என்று ஒரே சொல்லில் பலர் முடித்துவிடுகிறார்கள். நான் படித்துத் தெரிந்துகொண்டவரை பெரும்பாலும் அது அச்சம், நியாயமான அச்சம். கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ 1986-இல் ‘கிராடியஸ்’ ஆட்டத்தை வீட்டுக் கருவிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஆட்டம் அவருக்கே கடினமாக இருந்தது. சோதித்துப் பார்க்கத் தோதாக, மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி, ஏ என்று அழுத்தினால் எல்லா ஆயுதமும் கைக்கு வரும்படி செய்துகொண்டார். வெளியீட்டு நேரத்தில் அதை எடுக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் ஒன்றை உருவினால் வேறு எது சரியும் என்று சொல்ல முடியாது. அதே வரிசைதான் பிறகு காண்ட்ராவில் 30 உயிர் கொடுத்தது. எங்கள் தெருவில் அந்த விரல் வரிசையை ஒருவன் காதில் ஒருவன் சொல்லித்தான் கற்றோம். ஜப்பானில் ஒரு மனிதர் தன் வேலையை எளிதாக்கச் செய்துகொண்ட ஏற்பாடு பாளையங்கோட்டைவரை வந்தது. அவர் 2020-இல் காலமானார்.

ஆட்டத்தின் உள்ளே எல்லாமே ஒன்றையொன்று எண்ணால் சுட்டிக்கொள்கின்றன. 12-ஆம் ஸ்டேஜ், 47-ஆம் ஒலி, 203-ஆம் பொருள் என்று. நடுவில் ஒரு சோதனை ஸ்டேஜை உருவினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை எண்ணும் ஒன்று நகரும். நகர்ந்த எண்ணை எங்கோ ஒரு வரி பழைய எண்ணாகவே நினைத்துக்கொண்டிருந்தால் ஆட்டம் உறைந்துபோகும். அதைவிட அந்த அறைக்குப் போகும் வழியை மட்டும் அடைத்துவிடுவது பத்திரம். பழைய வீட்டில் ஒரு வாசலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிடுவார்களே, அது போல. சுவரை இடித்தால் உத்தரம் இறங்கும்.

எல்லோராலும் அப்படி விட்டுவைக்க முடியவில்லை. இடப் பற்றாக்குறை இருந்தால் அழித்துத்தான் ஆக வேண்டும். இதற்கு எனக்குப் பிடித்த சான்று 1996-இல் ஜப்பானில் வந்த முதல் போக்கிமான் ஆட்டங்கள். கேசட் நிரம்பி வழிந்தது. சோதனைக்கான நிரல்களை எல்லாம் கடைசியில் நீக்கியபோது ஏறத்தாழ 300 பைட் இடம் கிடைத்தது. இந்தக் கட்டுரையின் ஒரே ஒரு வரியைச் சேமிக்கவே அதற்குக் கிட்டத்தட்ட அவ்வளவு இடம் வேண்டும். அந்தப் பொட்டு இடத்தில் நிரலாளர் ஷிகெகி மோரிமோட்டோ 151-ஆவது உயிராக ‘மியூ’வை நுழைத்தார். சோதனைப் பணியெல்லாம் முடிந்தபின் செய்த காரியம், செய்யக் கூடாதது. சோதனை அறை இடிந்த இடத்தில்தான் உலகத்துப் பிள்ளைகள் அதிகம் தேடிய பிராணி குடியேறியது.

குறுந்தகடு வந்தபின் இடப் பஞ்சம் தீர்ந்தது, விட்டுவைப்பதும் கூடியது. 1997-இன் ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’-இல் பெரிய சோதனை அறைத் தொகுதியே இருக்கிறது. காட்சிகளை எழுதியவர்கள் அவரவர் பகுதிக்கென்று தனி அறை வைத்துக்கொண்டார்கள். அங்கே கதாபாத்திரங்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருவரிடம் பேசினால் ஒரு காட்சிக்குப் போகலாம், இன்னொருவரிடம் பேசினால் எந்தச் சண்டையையும் தொடங்கலாம். அமெரிக்கப் பதிப்பிலும் அந்த அறை அழிக்கப்படாமல் அப்படியே போனது.

அதே 1997-இல் ரேர் நிறுவனம் செய்த ‘கோல்டன்ஐ’ கேசட்டில் இன்னும் விந்தையான ஒன்று. எண்பதுகளில் இங்கிலாந்தில் வீடுதோறும் இருந்த ஸ்பெக்ட்ரம் கணினியை நிண்டெண்டோ 64-இல் ஓட்ட முடியுமா என்று உள்ளுக்குள் ஒரு முயற்சி செய்துபார்த்தார்கள். அதன் நிரலும், அந்த நிறுவனமே முந்தைய பெயரில் செய்திருந்த பத்துப் பழைய ஆட்டங்களும் கேசட்டில் தங்கிவிட்டன. வாசலை மட்டும் அடைத்திருந்தார்கள். 15 ஆண்டுகள் கழித்து, 2012-இல்தான் வெளியாட்கள் கண்டுபிடித்தார்கள். கோடிக்கணக்கான ரூபாய்க்கு விற்ற ஒரு துப்பாக்கி ஆட்டத்துக்குள் ஒரு நிறுவனத்தின் இளமைக்காலம் முழுதும் சுருண்டு கிடந்தது.

கிட்டத்தில் போய் ஓர் அறையைப் பார்ப்போம். 2011-இல் பெதெஸ்டா நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்கைரிம்’ பனிமலையும் கோட்டையும் டிராகனும் நிறைந்தது. கணினியில் ஆடுகிறவர் கட்டளைப் பலகையைத் திறந்து ‘க்யூஏஸ்மோக்’ என்ற இடத்துக்குப் போகச் சொன்னால், எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் அறைக்கு வந்து சேர்வார். நான் முதன்முதலாகப் போனபோது கவனித்தது அங்குள்ள அமைதி. வெளியே ஓயாமல் வீசும் காற்று உள்ளே கிடையாது. சுவர் ஓரமாகப் பெட்டிகள். ஒரு பெட்டியில் ஆட்டத்தின் வாள்கள், ஒன்றில் கவசங்கள், ஒன்றில் புத்தகங்கள். பெட்டியைத் திறந்தால் ஆட்டம் சில நொடி திணறும், அவ்வளவு சாமான். ஓரமாக இரும்பு அடிக்கும் உலை, தோல் பதனிடும் சட்டம், மருந்து கலக்கும் மேசை எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஊர் ஊராக அலைந்து தேட வேண்டிய தொழிற்கருவிகள் நாலு எட்டில் கைக்கு எட்டுகின்றன. பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது. ‘க்யூஏ’ தரச் சோதனைப் பிரிவு. ‘ஸ்மோக்’ என்றால் புகை. புதுக் கருவிக்கு முதன்முதலாக மின்சாரம் கொடுத்துப் புகை வருகிறதா என்று பார்க்கும் பழைய பட்டறைப் பழக்கத்திலிருந்து வந்த சொல். ஒவ்வொரு நாளும் ஆட்டத்தின் புதுப் பதிப்பு தயாரானதும் யாரோ ஒருவர் இங்கே வந்து, ஒரு வாளை எடுத்து, உலையில் தீட்டி, புத்தகத்தைத் திறந்து மூடி, புகை வரவில்லை என்று குறித்திருப்பார். அந்த ஒருவரை நினைக்காமல் அந்த அறையில் என்னால் நிற்க முடியவில்லை.

சினிமா செட் போல விடப்பட்ட இடங்களும் உண்டு. 2001-இன் ‘ஜிடிஏ 3’ ஒரு வங்கிக் கொள்ளைக் காட்சியோடு தொடங்கும். அந்த வங்கித் தெரு ஊருக்குள் எங்குமே கிடையாது. மலைக்குப் பின்னால், இறக்கை குட்டையான விமானத்தை எப்படியோ ஓட்டிக்கொண்டு போனால், முகப்பு மட்டும் உள்ள சில கட்டடங்கள் நிற்கும். காட்சி எடுக்க மட்டும் கட்டியவை. ‘வேர்ல்ட் ஆஃப் வார்க்ராஃப்ட்’டில் வரைபடத்துக்கு வெளியே கடலில் வடிவமைப்பாளர் தீவு, நிரலாளர் தீவு என்றெல்லாம் இருந்தன. பிழையைப் பயன்படுத்தி அங்கே நீந்திப் போய்ச் சேர்ந்தவர்களில் சிலருடைய கணக்கு முடக்கப்பட்டது. பட்டறைக்குள் ஆள் வந்தால் முதலாளிக்குப் பிடிக்காதுதான்.

பட்டறையின் ஒரு துண்டுச் சீட்டு வெளியே பறந்து ஆளாகவே மாறிய கதையும் நடந்தது. 1992-இல் வந்த ‘மார்ட்டல் கோம்பாட்’ எந்திரத்தின் கணக்குப் பக்கத்தில் ‘எர்மாக்ஸ்’ என்று ஒரு வரி. பிழை நேர்ந்தால் எண்ணிக்கொள்ளும் நிரலுக்கு எழுதியவர் வைத்த சுருக்கப் பெயர் அது. விளையாட்டுக் கூடங்களில் பார்த்தவர்கள் ‘எர்மாக்’ என்றொரு ரகசிய வீரன் இருப்பதாக நம்பினார்கள். செய்தி பரவிப் பரவி, 1995-இல் நிறுவனமே அந்தப் பெயரில் ஒரு வீரனை உருவாக்கி ஆட்டத்தில் சேர்த்தது.

இதெல்லாம் இனிக்கும் பக்கம். கசக்கும் பக்கத்தையும் பார்க்காமல் மதிப்பீடு முழுமை பெறாது. 2004-இல் வந்த ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ நம் ஊர் பிரவுசிங் சென்டர் பையன்கள்கூட விடிய விடிய ஆடியது. செய்துபார்த்துப் பின்னர் வேண்டாம் என்று வைத்த ஓர் ஆபாசச் சிறு ஆட்டத்தை ராக்ஸ்டார் நிறுவனம் அதில் அழிக்காமல் வாசலை மட்டும் அடைத்தது. 2005 ஜூனில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒருவர் ஒரு சிறு நிரல் எழுதி அந்த வாசலைத் திறந்துவிட்டார். வெளியாட்கள் சேர்த்த சரக்கு என்று நிறுவனம் முதலில் சொன்னது. விற்ற தகட்டிலேயே எல்லாம் இருக்கிறது என்பது விரைவில் நிரூபணமானது. ஜூலையில் அமெரிக்கத் தரநிர்ணய வாரியம் அந்த ஆட்டத்தை வயது வந்தோருக்கு மட்டும் என்ற வகைக்கு மாற்றியது. பெரிய கடைகள் அலமாரியிலிருந்து இறக்கின. 2009-இல் தாய் நிறுவனமான டேக்-டூ பங்குதாரர் வழக்கை முடிக்க 2 கோடி டாலருக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. ‘அடைத்துப் பூசினால் போதும்’ என்ற தொழில் நம்பிக்கை அன்றோடு உடைந்தது. தகட்டில் இருப்பதெல்லாம் விற்றதாகவே கொள்ளப்படும் என்பது அதற்குப் பின் வந்த நியதி. பெற்றோர் பக்கம் நியாயம் இருந்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு விவகாரத்துக்காக, தாவும் உயரம் அளந்த பெட்டிகளையும் சேர்த்து அழித்துவிட்டுத் தகட்டைத் துடைத்து அனுப்புவதை நான் நட்டமாகவே பார்க்கிறேன்.

ஏன் நட்டம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்த இடம் கழுகுமலை. இப்போது தூத்துக்குடி மாவட்டம், முன்பு எங்கள் பழைய நெல்லை மாவட்டம். கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையில் இருக்கிறது. மலையின் ஒரு பகுதியைச் சுற்றிலும் ஆழமாக வெட்டி இறக்கி, நடுவில் விட்ட ஒற்றைப் பாறையில் பாண்டியர் காலத்தில், சுமார் எட்டாம் நூற்றாண்டில், செதுக்கியது வெட்டுவான் கோயில். மேலே விமானத்தில் உமையோடு அமர்ந்த சிவனும், மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியும், வரிசை வரிசையாகப் பூதகணங்களும் வழவழவென்று முடிந்திருக்கிறார்கள். கண்ணைக் கீழே இறக்க இறக்க வேலை குறைந்துகொண்டே போகும். அடிப்பகுதி வெறும் பாறை, உளித் தடத்தோடு. வேலை நின்றதற்குத் தந்தைச் சிற்பி, மகன் சிற்பி போட்டி என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள்.

எல்லோராக் கைலாசநாதர் கோயிலும் மேலிருந்து கீழாகக் குடைந்ததுதான். ஆனால் அது முடிந்த கோயில். எப்படிச் செய்தார்கள் என்பதை அறிஞர்கள் விளக்க வேண்டியிருக்கிறது. கழுகுமலையில் விளக்கம் வேண்டாம். குழியின் விளிம்பில் நின்றால் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், முதலில் தலை, கடைசியில் பாதம் என்று. சாரம் கட்டாமல், இறங்க இறங்கத் தாங்கள் நிற்கும் தரையையே வெட்டியெடுத்திருக்கிறார்கள். வேலை நின்றுபோனதால் வேலைமுறை தங்கியது. மாமல்லபுரத்தில் பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் பாதியில் நிற்பதால்தான் பல்லவச் சிற்பியின் கையைப் படிக்க முடிகிறது. வீடியோ கேமில் சோதனை அறை செய்யும் வேலையும் இதுவே. முடிந்த ஸ்டேஜில் உளித் தடம் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை பேர் உழைத்தார்கள். பெட்டிகள் வரிசையாக நிற்கும் அந்தச் சாம்பல் அறையில்தான் இந்தத் தாவலை இவ்வளவு உயரத்தில் ஏன் நிறுத்தினார்கள், எந்த எதிரியை முதலில் நடக்கவைத்தார்கள் என்பது தெரியும்.

அந்த அறைகளில் நாள் முழுதும் உழைத்தவர்களில் நம்மவர்களும் நிறையப் பேர். 2008 முதல் புனேயில் இயங்கும் யூபிசாஃப்ட் கிளை ஆரம்பத்தில் சோதனைப் பணியைத்தான் முக்கியமாகச் செய்தது. பெங்களூருவில் ராக்ஸ்டார் கிளை இருக்கிறது; ஹைதராபாத்தில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இருக்கிறது. நெல்லைப் பொறியியல் கல்லூரிகளில் படித்துச் சோதனை வேலைக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒரே கதவை இருநூறு முறை திறந்து மூடியதைச் சொல்வார்கள். ஒரே சுவரில் ஓரம் முழுதும் உரசிக்கொண்டே நடந்து, எங்கே உள்ளே விழுகிறோம் என்று பார்த்ததைச் சொல்வார்கள். ஆட்டம் வெளிவந்தபின் அதில் அவர்கள் செய்த எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அவர்கள் சரியாகச் செய்ததால்தான் தெரியவில்லை. ஓடும் பெயர்ப் பட்டியலில் சிலருக்கு இடம் கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது.

இந்த அறைகளைக் காப்பது யார் பொறுப்பு? நிறுவனங்கள் பெரும்பாலும் காக்கவில்லை. 2012-இல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வின் மூல நிரல் உலகத்துக்குக் கிடைத்ததே, அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னரின் தந்தை வீட்டில் ஒரு பெட்டியில் பழைய தட்டுகளைக் கண்டெடுத்ததால்தான். கல்லூரிக் கணினி அறையில் ஷிஃப்ட்டையும் எல்லையும் சேர்த்து அழுத்தி அடுத்த ஸ்டேஜுக்குத் தாவிய தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய செய்தி. வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைக்காதவை. ஆட்டமே கிடைக்காதபோது அதன் உள்ளறைக்கு எங்கே போவது? நூலகங்கள் பழைய ஆட்டங்களை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே காட்ட அனுமதி கேட்டபோது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது.

காத்தவர்கள் ஆர்வலர்கள். கேசட்டின் சில்லைப் படித்து, ஒவ்வொரு பைட்டையும் அலசி, எந்த எண் எந்த அறை என்று கண்டுபிடித்து எழுதிவைத்திருக்கிறார்கள், கூலி இல்லாமல். இதில் ஒரு நெருடலும் உண்டு. 2020 ஜூலையில் நிண்டெண்டோவின் உள் கோப்புகள் பெருமளவில் கசிந்தன. சூப்பர் மரியோ 64-க்காகச் செய்த லூயிஜி உருவம்வரை வெளியே வந்தது. அது திருடியெடுத்தது. தான் காசு கொடுத்து வாங்கிய தகட்டில் கிடப்பதைப் படிப்பதற்கும், ஒரு நிறுவனத்தின் பூட்டிய அலமாரியை உடைத்துப் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கண்டுபிடிப்பு எவ்வளவு இனித்தாலும் சரி. நம் நாட்டுச் சட்டத்திலும் அந்த வேறுபாட்டுக்கு இடம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கணினி நிரல் ஒன்றின் அடிப்படைக் கருத்துகளை அறிய அது இயங்கும் விதத்தைக் கவனிக்கவும் படிக்கவும் சோதிக்கவும் இடம் தருகிறது. 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றமாக்குகிறது. நம் பல்கலைக்கழகங்கள் இந்த இடத்தைப் பயன்படுத்திப் பழைய ஆட்டங்களைப் படிக்கத் தொடங்கலாம். சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஒரு கணினியியல் மாணவர் ஒரு கேசட்டைப் பிரித்து அதன் உள்ளறைகளைப் பற்றித் தமிழில் ஆய்வேடு எழுதினால் முதலில் வாங்கிப் படிப்பவன் நானாக இருப்பேன்.

தமிழ் ஆட்டங்களும் வரத் தொடங்கிவிட்டன. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழம்மாவின் சமையலறையைப் பற்றியது. கிழிந்தும் கறைபட்டும் போன ஒரு சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, அழிந்த வரியை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். அடுத்த ஆண்டு பாஃப்டாவின் சிறந்த முதல் ஆட்டத்துக்கான விருதை அது வாங்கியது. இதுபோல் இனி வரும் ஆட்டங்களின் பட்டறைச் சுவடுகளை, ஜப்பானியரும் அமெரிக்கரும் தவறவிட்டதைப் போல, நாமும் தவறவிட வேண்டியதில்லை.

போன பொங்கலுக்கு எங்கள் அக்கா மகள் மடிக்கணினியோடு வந்திருந்தாள். கல்லூரிப் பணிக்கு ஓர் ஆட்டம் செய்கிறாள். குறுக்குத்துறையில் வெள்ளம் ஏறும்போது ஒரு பிள்ளை படித்துறைப் படிகளில் தாவித் தாவி மேலேறுவது. ஆறும் மண்டபமும் மருத மரமும் அழகாக வரைந்திருந்தாள். நான் கோப்புகளின் பட்டியலைக் கேட்டேன். ‘டெஸ்ட்_3’ என்று ஒன்று இருந்தது. திறந்தால் சாம்பல் தரை, ஒன்பது பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். ஆறாவது பெட்டியை மட்டும் சிவப்பாக்கி இருந்தாள்.

“இது எதுக்குளா சிவப்பு?”

“அதுல ஏறும்போதுதான் பிள்ளை வழுக்கி வழுக்கி விழுந்தா மாமா. மூணு நாள் அதுலயே கெடந்தேன். அந்த ஒசரத்துக்கு மேல படியே வைக்கக் கூடாதுன்னு அப்புறம்தான் முடிவு பண்ணுனேன். சும்மா பாக்கதுக்குப் போட்டது, குடுக்கும்போது அழிச்சிருவேன். இதப் போயி பாக்கியளே.”

மறுபடி ஆட்டத்தை ஓட்டச் சொன்னேன். படித்துறையில் எந்தப் படியும் அந்த உயரத்துக்கு மேல் இல்லை. வெள்ளம் பின்னாலேயே ஏறி வர, பிள்ளை ஒரு படிகூடத் தவறாமல் மேலே போய்ச் சேர்ந்தாள். பென் டிரைவை எடுத்து நீட்டி, டெஸ்ட்_3-ஐ அதில் ஏற்றித் தரச் சொன்னேன். கோப்புக்கு என்ன பெயர் போட என்று கேட்டாள். தேதியையும் அவள் பெயரையும் போடச் சொன்னேன்.